ஜன்னலுக்குத்தான் காசு கொடுத்தோம்: சொகுசு ரயில் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையும் பள்ளத்தாக்கும் பாலைவனமும் காட்டுகிறோம் என்று உலகெங்கும் சொகுசு ரயில் ஓட்டும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

என் அம்மாவோடு நான் போன ஒரு சொகுசு ரயில் பயணத்தின் மிக அழகான இடம் வந்தபோது அம்மாவின் முகத்துக்கு நேரே ஒரு சட்டம்தான் இருந்தது. இரண்டு பெரிய கண்ணாடிகளுக்கு நடுவில், ஒரு முழம் அகலத்தில், சாம்பல் நிறத் துணி ஒட்டிய சட்டம். டிக்கெட்டில் 'ஜன்னலோர இருக்கை' என்று போட்டிருந்தது. ஓரம் இருந்தது, ஜன்னல் இல்லை. பெட்டியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கீழே வெகு ஆழத்தில் ஆறு நுரைத்துக்கொண்டு ஓடுகிறது என்பது பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தார். முன் இருக்கைக்காரரின் தலை மறைத்தது. பின்னால் சாய்ந்து பார்த்தார். கண்ணாடியில் பெட்டியின் உள்பக்கம்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு வந்தது. மேஜையை விரித்து, துணி போட்டு, தட்டை வைத்துவிட்டுப் பணியாளர் நகர்ந்தபோது வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவழியில் ஒரு சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. அப்புறம் இன்னொன்றுக்காக மறுபடியும் நின்றது. விளம்பரத்தின் அட்டையில் போட்டிருந்த ஏரி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பெட்டிக்குள் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கண்ணாடியில் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு வந்தோம். இரண்டு வருஷம் மாதா மாதம் எடுத்து வைத்த பணம் அது. அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. "வண்டி சுத்தமா இருக்கு, எல்லாரும் மரியாதையா நடந்துக்கிறாங்க" என்றார். என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்பது புரிந்தது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இரண்டு நாள் கழித்து, திரும்பி வருவதற்கு அதே தடத்தில் ஓடும் சாதாரண ரயிலில் ஏறினோம். பழைய பெட்டி. ஜன்னலின் இரு பக்கமும் இருந்த கொக்கிகளை அமுக்கிக் கீழே இழுத்தால் பாதி வரை திறந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஈரப் பாறையின் வாசனை, வெட்டிப் போட்ட மரத்தின் வாசனை. பாலத்தின் மேல் ஏறியதும் சக்கரத்தின் சத்தம் மாறி, அடியில் பள்ளம் இருப்பது காதுக்கே தெரிந்தது. இருக்கை எண் எதுவும் இல்லாததால் ஆறு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அம்மா எழுந்து போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பள்ளத்தாக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், மொத்தமே ஒரு நிமிஷம்கூட இல்லை. "இதையா அன்னைக்கு விட்டோம்?" என்று கேட்டார். சொகுசு டிக்கெட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத டிக்கெட் அது.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. அந்தப் பயணத்துக்கு அப்புறம் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், பயணம் போய் வந்தவர்களிடம் பேசினேன். ஒரே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்: அவ்வளவு காசு கொடுக்கலாமா? அதற்கு நேர்மையான பதில் சொல்வதற்கு வேண்டிய விவரங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. டிக்கெட் வாங்குவதற்கு முன் அவற்றை எங்களிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சொகுசின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிரமம் இல்லாமல் பயணம் செய்ய ஆசைப்படுவது தப்பு இல்லை. ஆனால் 'சொகுசு ரயில்' என்ற ஒரே பெயரில் நீங்கள் விற்பது ஒரே பொருள் இல்லை. சில வண்டிகளில் வண்டியே பார்க்க வேண்டிய பொருள். ஐரோப்பாவில் ஓடும் வெனிஸ் சிம்ப்ளான் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் அப்படிப்பட்டது. 1982-ல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியின் பெட்டிகள் 1920-களையும் அதை ஒட்டிய ஆண்டுகளையும் சேர்ந்தவை. மரத்தில் இழைத்த அலங்காரம், பித்தளைப் பிடிகள், நிலக்கரி அடுப்பில் சூடேறும் பெட்டிகள். பழைய அமைப்பிலேயே இருக்கும் அறைகளில் கை கழுவும் தொட்டி உண்டு, குளிக்க வசதி கிடையாது. அங்கே போகிறவர் ஒரு காலத்தை வாங்குகிறார். அவருக்கு வெளியே இருட்டாக இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

வேறு சில வண்டிகள் நகரும் ஓட்டல்கள். இரவெல்லாம் ஓடும், காலையில் ஓர் ஊரில் நிற்கும், பஸ்ஸில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்ளும். பல ஊர்களைப் பார்க்க நினைப்பவருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் ஜன்னல் வழியே நிலம் மாறுவதைப் பார்க்க ஆசைப்பட்டு ஏறியவர், அந்த நிலத்தைத் தூக்கத்தில் கடந்துவிடுகிறார். விளம்பரப் படத்தில் மட்டும் வண்டி எப்போதும் வெயிலில் வளைந்து போகிறது.

மூன்றாவது வகைதான் என் கவலை. காட்சிக்காகவே ஓடுகிற வண்டிகள். இவற்றில் நாங்கள் வாங்குவது ஜன்னலையும் வெளிச்சத்தையும். இந்த இரண்டும் கிடைத்தால் மற்றது எல்லாம் கூடுதல் மகிழ்ச்சி. இவை கிடைக்காவிட்டால் எத்தனை விதமாக உபசரித்தாலும் மனசு ஆறாது. இதைப் புரிந்துகொண்டு நடத்துகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். கனடாவின் ராக்கி மவுன்டனியர் பகலில் மட்டும்தான் ஓடுகிறது. வான்கூவரிலிருந்து பான்ஃப் போகும் வழியில் கம்லூப்ஸில் எல்லோரையும் இறக்கி ஓட்டலில் தங்க வைத்து, மறுநாள் காலையில்தான் மறுபடி கிளம்புகிறார்கள். படுக்கைப் பெட்டி போட்டு இரவிலும் ஓட்டியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். மலையை இருட்டில் கடக்கக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை நிறுத்துகிறார்கள். பயணி எதற்குக் காசு கொடுக்கிறார் என்று தெரிந்து எடுத்த முடிவு அது. அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸ் கதைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதைப் படித்தபோதுதான். செர்மாட்டுக்கும் செயின்ட் மோரிட்ஸுக்கும் நடுவே 1930-லிருந்து ஓடுகிற வண்டி. 291 பாலங்கள், 91 சுரங்கங்கள். ஏறக்குறைய 291 கிலோமீட்டரைக் கடக்க எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. உலகத்திலேயே மெதுவான எக்ஸ்பிரஸ் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கிளேசியர் என்றால் பனியாறு. வண்டிக்குப் பெயர் கொடுத்தது ரோன் பனியாறு. ஃபுர்கா கணவாயின் மேலே ஏறும்போது அந்தப் பனியாறு பெட்டியிலிருந்தே தெரியும். ஆனால் அந்த மேல்தடத்தில் குளிர்காலத்தில் ஓட்ட முடியாது. பனிச்சரிவு அவ்வளவு மோசம். ஸ்டெஃபன்பாக் என்ற இடத்தில் இருக்கும் பாலத்தை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மடித்துக் கழற்றி வைத்துவிட்டு, பனி உருகிய பிறகு மறுபடி நிறுத்துவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1982-ல் மலைக்கு அடியில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஃபுர்கா அடித்தளச் சுரங்கம் திறந்தது. வண்டி ஆண்டின் பெரும்பகுதியும் ஓட வழி கிடைத்தது. அன்றோடு பனியாற்றுக் காட்சி போயிற்று. பெயரில் பனியாறு இருக்கிறது, அந்தப் பனியாறு ஜன்னலில் வருவதில்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மலைக் கிராமங்களுக்குக் குளிர்காலத்தில் வழி வேண்டும், சுரங்கம் தேவைதான். அந்தப் பாதையில் பார்க்க வேறு எவ்வளவோ இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. கைவிடப்பட்ட அந்த மேல்தடத்தைக் காப்பாற்ற 1983-ல் ஆர்வலர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். துரு ஏறிய தண்டவாளத்தைச் சரி செய்து, 1992-ல் ஒரு பகுதியில் நீராவி ரயிலை ஓட்டிவிட்டார்கள். 2010-ல் ரியால்ப் முதல் ஓபர்வால்ட் வரை முழுத் தடமும் திறந்தது. இப்போதும் கோடையில் ஓடுகிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். ரோன் பனியாறு இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கு வழியே போக ஆசைப்படுகிறவர் ஏற வேண்டியது அந்த நீராவி வண்டியில். பெயரைப் பார்த்து ஏறுகிற பயணிக்கு இந்த ஒரு வரியை முன்பதிவுப் பக்கத்திலேயே சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதே பாதையில் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அந்தத் தடத்தின் மிகப் புகழ்பெற்ற இடம் லாண்ட்வாசர் பாலம். 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள். பாலம் முடிகிற இடத்தில் செங்குத்துப் பாறை. வண்டி நேரே பாறைக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழைகிறது. பாலத்தின் நீளம் சுமார் 140 மீட்டர். வண்டி தன் சராசரி வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஜன்னல் அந்தப் பாலத்தின் மேல் இருப்பது பதினான்கு வினாடி. எட்டு மணி நேரப் பயணத்தில் பதினான்கு வினாடி! அந்தப் பதினான்கு வினாடியில் கையில் தட்டு வந்தால், அல்லது ஒலிபெருக்கி அறிவிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தால், அவ்வளவுதான். எந்தக் காட்சி எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் வரும் என்று பயணம் தொடங்கும்போதே ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். பரிமாறும் நேரத்தையும் அதற்கு ஏற்றபடி தள்ளி வையுங்கள். நான் பயணம் செய்த வண்டியில் சமையல்காரரின் நேரத்துக்குத்தான் எல்லாம் நடந்தது, மலையின் நேரத்துக்கு நடக்கவில்லை.

கண்ணாடியைப் பற்றியும் பேச வேண்டும். கூரை வரை வளையும் பெரிய கண்ணாடிதான் உங்கள் பெருமை. மலை உச்சியைத் தலை நிமிர்த்திப் பார்க்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரணக் கண்ணாடித் தகடு ஒன்று தன் மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இரட்டைக் கண்ணாடி என்றால் அது கிட்டத்தட்ட இரு மடங்கு. வெளியே நல்ல வெயில் இருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. வண்டி மலை நிழலுக்குள் வந்ததும், மேகம் கவிந்ததும், உள்ளே இருக்கும் வெள்ளைத் துணியும் விளக்கும் கண்ணாடியில் மிதக்க ஆரம்பித்துவிடும். படம் எடுத்தால் மலையின் மேல் உங்கள் சட்டை தெரியும். அந்த நேரத்தில் பெட்டி விளக்கைக் குறைக்க என்ன செலவாகும்? மேஜை விரிப்பை அடர்ந்த நிறத்தில் போட என்ன செலவாகும்? அம்மாவின் கறுப்புச் சால்வையைக் கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவே கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டபோதுதான் கடைசி ஒரு மணி நேரத்தில் ஏரிக்கரை விளக்குகளாவது தெரிந்தன.

அதைவிட முக்கியம், அந்தக் கண்ணாடி திறக்காது. காற்று இல்லை, சத்தம் இல்லை, வாசனை இல்லை. இதற்கும் வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிரேமவுத் போகும் ட்ரான்ஸ்ஆல்பைன் ரயில் 223 கிலோமீட்டர்தான், ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் பக்கங்களில் கண்ணாடியே இல்லாத ஒரு பெட்டி உண்டு. யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். எட்டரை கிலோமீட்டர் நீளமுள்ள ஓட்டீரா சுரங்கம் வரும்போது மட்டும் அதை மூடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் ரோவோஸ் ரயிலில் வண்டியின் கடைசியில் திறந்த மாடம் இருக்கிறது, பெட்டிகளில் டி.வி. கிடையாது. இதெல்லாம் ஒரே ஒரு பெட்டி சம்பந்தப்பட்ட ஏற்பாடு. கண்ணாடிக் கூரைக்குச் செலவு செய்கிற நீங்கள், ஒரு திறந்த பெட்டியையும் கோத்துவிட்டால் பயணிகள் உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

சரி, அதே தடத்தில் ஓடும் சாதாரண ரயில் விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்திலிருந்து மலை தாண்டி இத்தாலிக்குள் இறங்கும் பெர்னினா எக்ஸ்பிரஸ் போகும் தடத்தில்தான் வட்டார ரயில்களும் ஓடுகின்றன. 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கும் அதே நிலையம், புருசியோவில் ஒரு வட்டமடித்துத் தன் தடத்துக்கு அடியிலேயே நுழையும் அதே சுழல் பாலம், கடைசியில் 429 மீட்டர் உயரத்தில் இருக்கும் அதே டிரானோ ஊர். அதுவும் பல்சக்கரம் இல்லாமலே நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறி இறங்குகிற தடம். அந்தச் சாதாரண ரயிலில் இருக்கை முன்பதிவு வேண்டாம், பிடித்த நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் அந்தத் தடத்தையும் அது கடக்கும் நிலத்தையும்தான். ஸ்காட்லாந்திலும் இதே கதை. ஃபோர்ட் வில்லியத்திலிருந்து மாலேக் போகும் நீராவி ரயிலுக்கு இடம் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் ஏராளம். கிளென்ஃபின்னனின் 21 வளைவுப் பாலத்தைச் சாதாரண வண்டியும் தினமும் கடக்கிறது. நார்வேயில் ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் வண்டி தினசரிப் பயணிகளுக்கான ரயில்தான். 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையத்தில் நின்று, மரம்கூட முளைக்காத மேட்டுநிலத்தைக் கடந்து போகிறது.

பெர்னினாக்காரர்கள் இதை மறைப்பதில்லை. இரண்டு வண்டிகளையும் ஓட்டுவது ஒரே ரயில்வே, அட்டவணையில் எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது. எனக்கு டிக்கெட் விற்ற நிறுவனத்தின் பக்கத்தில்தான் அப்படி ஒரு சாதாரண ரயில் இருப்பதாக ஒரு சொல்கூட இல்லை. "போட்டி வண்டியை நாங்களே விளம்பரம் செய்ய வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்கிறேன், செய்யுங்கள். அப்படிச் சொல்லிவிட்டு உங்கள் வண்டியில் என்ன கூடுதல் என்பதையும் சொல்லுங்கள். கூடுதல் உண்மையிலேயே இருக்கிறது, நானே கண்டேன்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பெட்டியின் படி நடைமேடையைவிட நல்ல உயரம். சொகுசு வண்டியின் பணியாளர் ஒருவர், கேட்காமலே ஒரு சிறிய மரப் படியைக் கொண்டுவந்து போட்டு, அம்மாவின் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டார். எங்கள் சாமான்களை யாரும் தூக்கச் சொல்லவில்லை. கழிப்பறை பக்கத்திலேயே, சுத்தமாக. நாலு இடத்தில் இறங்கி மாற வேண்டிய கவலை இல்லை. திரும்பி வந்த சாதாரண ரயிலில் அம்மாவை ஏற்றுவதற்கு நானும் முகம் தெரியாத ஒரு பையனும் சேர்ந்துதான் தூக்கினோம். அம்மாவுக்கு அது சங்கடமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், வாழ்நாளில் ஒரு தடவை அலைச்சல் இல்லாமல் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள், இவர்களுக்கு உங்கள் வண்டி கொடுத்த காசுக்குத் தகும். தைரியமாக இதைச் சொல்லுங்கள். 'மலையைப் பார்க்க இது ஒன்றுதான் வழி' என்ற தோற்றத்தை மட்டும் உண்டாக்காதீர்கள். நல்ல காலும் முதுகும் உள்ள இளைஞன் கடன் வாங்கி உங்கள் வண்டியில் ஏறுவதற்கு அந்தத் தோற்றம்தான் காரணமாகிறது.

உண்மையிலேயே வேறு வழி இல்லாத தடங்களும் இருக்கின்றன. இந்த மடலில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமான கோரிக்கை அதைப் பற்றியது. பான்ஃப் வழியாக ஓடிய வழக்கமான பயணிகள் ரயில் 1990 ஜனவரியில் நின்றுபோனது. அதற்குப் பிறகு ராக்கி மலையின் அந்தப் பகுதியை ரயிலிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் சொகுசு வண்டிதான் வழி. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை 2,979 கிலோமீட்டர் ஓடும் கான் ரயிலிலும் முன்பு உட்கார்ந்து போகும் சாதாரண வகுப்பு இருந்தது. 2016-ல் அது நின்றது. அரசு தந்துவந்த மானியம் போனதுதான் காரணம் என்பதால் நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன? ஒரு கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காக ஊடுருவிப் போகும் ரயில், பெரிய பணம் இல்லாதவர்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. செம்மண் நிலம் மணிக்கணக்கில் ஜன்னலில் ஓடுவதை அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளை பார்க்க வேண்டாமா?

இப்படி ஒரே வண்டி மட்டும் ஓடும் தடங்களை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். வண்டிக்கு ஒரு பெட்டி, உட்கார்ந்து போகும் சாதாரணப் பெட்டி, கோத்து விடுங்கள். உபசரிப்பு வேண்டாம், மேஜை விரிப்பு வேண்டாம், கையில் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுக்கொள்வார்கள். ஜன்னல் மட்டும் இருக்கட்டும். பல நாள் ஓடும் வண்டியில் அது முடியாது என்றால், பகலில் காட்சி நிறைந்த ஒரு பகுதிக்கு மட்டுமாவது அப்படி டிக்கெட் கொடுங்கள். கணக்குப் புத்தகத்தில் இது லாபமாக வராமல் போகலாம். அரசுகளிடம் இதற்காக மானியம் கேளுங்கள். கேட்கும்போது எங்களைப் போன்ற பயணிகள் உங்களோடு நின்று கையெழுத்துப் போடுவோம்.

இன்னும் சில. உங்களில் பலருக்குத் தண்டவாளம் சொந்தம் இல்லை. வட அமெரிக்காவில் அது சரக்கு ரயில் நிறுவனங்களுடையது, ஒற்றைத் தடத்தில் யாருக்கு வழி என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தாமதம் ஆவது உங்கள் தப்பு இல்லை என்பது புரிகிறது. ஆனால் சென்ற வருஷம் எத்தனை பயணங்களில் முக்கியமான காட்சி இருட்டில் போனது என்ற கணக்கு உங்களிடம் இருக்கும். அதை மாதவாரியாக வெளியிடுங்கள். ஆல்ப்ஸ் மலை இருக்கும் அட்சரேகையில் ஜூன் கடைசியில் பகல் கிட்டத்தட்ட 16 மணி நேரம். டிசம்பர் கடைசியில் எட்டரை மணி நேரம்தான். இரண்டு மணி நேரத் தாமதம் ஜூனில் ஒன்றும் செய்யாது, டிசம்பரில் பயணத்தையே விழுங்கிவிடும். குளிர்காலத்தில் போகலாமா என்று யோசிக்கிறவருக்கு இந்த ஒரு கணக்கு போதும். தனியாக வருகிறவரிடம் இருவருக்கான அறைக் கட்டணத்தில் பெரும்பகுதியை வாங்கும் வழக்கத்தையும் மறுபடி யோசியுங்கள். துணையை இழந்த பிறகு முதல் தடவையாகத் தனியே பயணம் கிளம்புகிற ஒருவருக்கு அந்தக் கட்டணம் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கை வரைபடம். விமானத்தில் எந்த வரிசையில் ஜன்னல் இல்லை என்று தேடிப் பார்த்துவிட்டு உட்காருகிற காலம் இது. உங்கள் பெட்டிகளில் எந்த இருக்கைக்கு நேரே சட்டம் வருகிறது, எது வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டுகிறது என்பதை வரைபடத்தில் குறிப்பது ஒரு நாள் வேலை. அந்தச் சட்டத்துக்கு எதிரே இருக்கும் இருக்கைகளைக் குறைந்த விலைக்குக் கொடுங்கள். வாங்குகிறவர் தெரிந்தே வாங்குவார். அம்மா அன்று உட்கார்ந்த இருக்கையில் இன்று யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் இரண்டு வருஷச் சேமிப்பாக இருக்கலாம்.

அம்மா இப்போது பெர்னினா போகலாமா என்று கேட்கிறார். அவருடைய முழங்காலுக்கு எக்ஸ்பிரஸ்தான் சரி, அவருடைய ஆசைக்குத் திறக்கும் ஜன்னல்தான் சரி. போகும்போது ஒன்று, வரும்போது மற்றொன்று என்று முடிவு செய்திருக்கிறோம். செயின்ட் மோரிட்ஸிலிருந்து தெற்கே இறங்கும்போது லாகோ பியாங்கோ என்னும் வெள்ளை ஏரி வலப்பக்கம் வரும் என்று படித்து வைத்திருக்கிறேன். வலப்பக்கத்தில் எந்த இருக்கை எண்ணுக்கு நேரே முழுக் கண்ணாடி இருக்கிறது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். அந்த எண் தெரிந்ததும் டிக்கெட் எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவர்